ஃபயர் ஸ்டேஷனை எங்கே கட்டுவது? ஓரிகன் கடற்கரைச் சண்டை பற்றிச் சில குறிப்புகள்

ஒரு சின்ன ஊருக்கு ஃபயர் ஸ்டேஷன் எங்கே வேண்டும் என்று யாரைக் கேட்டாலும் "ஊருக்கு நடுவுல" என்றுதான் சொல்வார்கள். அதில் யோசிக்க என்ன இருக்கிறது? அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கும் ஓரிகன் மாநிலத்தின் கடலோர ஊர்களில் 1995 முதல் 2019 வரை அந்தப் பதில் சட்டவிரோதமாக இருந்தது. அல்லது, சட்டவிரோதமாக இருந்தது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். இந்த "அல்லது"தான் இந்தப் பதிவு.

முதலில் பின்னணி, சுருக்கமாக. ஓரிகன் கரைக்கு வெளியே கடலுக்கடியில் காஸ்கேடியா என்கிற நிலத்தட்டுச் சந்திப்பு இருக்கிறது. வடக்கு கலிஃபோர்னியாவிலிருந்து கனடாவின் வான்கூவர் தீவு வரை சுமார் ஆயிரம் கிலோமீட்டர் நீளம். அது கடைசியாக முழுசாக உடைந்தது 1700 ஜனவரி 26 இரவு. நாள் இவ்வளவு துல்லியமாகத் தெரியக் காரணம், அன்று கிளம்பிய அலை பசிபிக்கைக் கடந்து ஜப்பானில் ஏறியதும், அங்கே அதை எழுதி வைத்திருந்ததும்தான். நிலநடுக்கமே இல்லாமல் வந்த அலை என்று அவர்கள் குழம்பியிருக்கிறார்கள். அடுத்தது எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் வரும் என்பதில் புவியியலாளர்களுக்குள் தகராறு இல்லை.

2004 டிசம்பர் 26-ஐ மறக்காத நமக்கு ஒரு வித்தியாசத்தைச் சொல்லியாக வேண்டும். சுமத்ராவில் பூமி ஆடியதற்கும் நாகப்பட்டினத்தில் அலை ஏறியதற்கும் நடுவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. (அந்த நேரத்தை யாரும் நமக்குச் சொல்லவில்லை என்பது வேறு கதை.) ஓரிகனுக்கு அந்த வசதி கிடையாது. அவர்கள் நாகப்பட்டினம் இல்லை, பண்டா ஆச்சே. மூன்று முதல் ஐந்து நிமிடம் தரை ஆடும். ஆட்டம் நின்றபின் ஊரைப் பொறுத்துப் பதினைந்து, இருபது, அதிகம் போனால் முப்பது நிமிடம்.

1995-ல் ஓரிகன் சட்டமன்றம் ஒரு கோடு போட்டது. மாநில புவியியல் துறை வரைபடத்தில் குறிக்கும் சுனாமி எல்லைக்குள் புதிதாக மருத்துவமனை, தீயணைப்பு நிலையம், காவல் நிலையம், பள்ளிக்கூடம், சிறை போன்றவற்றைக் கட்டக் கூடாது. வீடு கட்டலாம், ஹோட்டல் கட்டலாம். ஆபத்து நேரத்தில் வேலை செய்ய வேண்டிய கட்டடங்களும், தானாக ஓட முடியாதவர்கள் நிறைந்த கட்டடங்களும் மட்டும் கூடாது. இருபத்து நாலு வருடம் கழித்து, 2019 ஜூனில், ஹெச்.பி. 3309 என்ற மசோதா அந்தத் தடையை எடுத்துவிட்டது. கடற்கரைத் தொகுதி உறுப்பினர்கள் கட்சி வித்தியாசம் பார்க்காமல் ஆதரித்தார்கள். ஆளுநர் கேட் பிரவுன் கையெழுத்துப் போட்டார்.

உடனே வெளியிலிருந்து பெரிய அடி விழுந்தது. காத்ரின் ஷுல்ஸ் நியூயார்க்கர் பத்திரிகையில் எழுதினார். இவர் சாதாரண ஆள் இல்லை. 2015-ல் காஸ்கேடியா பற்றி அதே பத்திரிகையில் இவர் எழுதிய நீண்ட கட்டுரைக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. அந்தக் கட்டுரைக்கு முன்னால் காஸ்கேடியா என்ற பெயர் அந்தப் பகுதிக்கு வெளியே அதிகம் பேருக்குத் தெரியாது. 2019 கட்டுரையில் அவர் நிலை தெளிவு: ஆபத்து இவ்வளவு தெரிந்த பிறகு அந்த இடத்திலேயே பள்ளியும் ஃபயர் ஸ்டேஷனும் கட்ட வழிவிடுவது பின்னால் எடுத்து வைத்த அடி. அதற்குப் பிறகு இந்த விஷயத்தைத் தொட்ட பலரும் ஏறத்தாழ இதே வரியில்தான் எழுதினார்கள். அறிவியல் ஒரு பக்கம், ரியல் எஸ்டேட் ஆசை மறுபக்கம்.

ஆபத்தைப் பொறுத்தவரை ஷுல்ஸோடு எனக்குச் சண்டை இல்லை. சண்டை, இந்த வரி நம்மை எதைப் பார்க்க விடாமல் செய்கிறது என்பதோடுதான்.

கடற்கரைக்காரர்கள் பக்கத்தை முதலில் அதன் முழு பலத்தோடு வைத்துப் பார்ப்போம். அது வெறும் பேராசை இல்லை. அந்த ஊர்கள் எப்படி இருக்கின்றன என்று வரைபடத்தில் பாருங்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உடனே மலையும் காடும், நடுவில் ஒரு நெடுஞ்சாலை, அதை ஒட்டி ஊர். மலையில் இருக்கும் நிலம் பல இடங்களில் மரக் கம்பெனிகளுக்குச் சொந்தம். அங்கே ரோடு கிடையாது, தண்ணீர்க் குழாய் கிடையாது, சாக்கடை கிடையாது. வீடுகள் பெரும்பாலும் மரத்தால் ஆனவை. மரவீடு பற்றினால் நிமிடங்கள்தான் கணக்கு. வயசானவர்கள் அதிகம் குடியேறும் கரை அது, ஃபயர் ஸ்டேஷனுக்கு வரும் அழைப்புகளில் பெரும்பகுதி தீ கூட இல்லை, நெஞ்சுவலியும் கீழே விழுந்ததும்தான். அங்கே தீயணைப்பு ஆட்களில் பலர் சம்பளக்காரர்களும் இல்லை. கடை வைத்திருப்பவர், தச்சர், பள்ளி ஊழியர் என்று தன்னார்வலர்கள். பேஜர் அடித்தால் செய்துகொண்டிருக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு ஓட வேண்டும். அதாவது தூரம் இங்கே இரண்டு தடவை கணக்காகிறது. ஆள் ஸ்டேஷனுக்குப் போகும் தூரம் ஒன்று, வண்டி வீட்டுக்கு வரும் தூரம் இன்னொன்று. இதற்கு மேல் இன்ஷூரன்ஸ். அமெரிக்காவில் ஒரு வீடு ஃபயர் ஸ்டேஷனிலிருந்து சாலைவழியாக ஐந்து மைலுக்கு மேல் தள்ளிப் போனால், காப்பீட்டுக் கம்பெனிகள் பார்க்கும் தர வரிசையில் பொதுவாகக் கடைசி வகுப்புக்குப் போய்விடும். ப்ரீமியம் ஏறும், சில சமயம் பாலிசியே கிடைக்காது.

முந்நூறு வருடத்துக்கு ஒருமுறை வருவதற்காக, தினமும் வருவதைக் கைவிடச் சொல்கிறீர்களா? இதுதான் அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். வெளியூர்க்காரர்கள் இதற்கு நேராகப் பதில் சொல்லவில்லை என்பது என் வருத்தம்.

ஆனால் கேள்வி நியாயம் என்பதால் 2019-ல் செய்ததும் நியாயம் ஆகிவிடாது. காரணம் பழைய சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. இந்தச் சர்ச்சை பற்றி எழுதுகிறவர்களில் எத்தனை பேர் அந்தச் சட்டத்தைக் கடைசி வரி வரை படிக்கிறார்கள் என்பது எனக்குச் சந்தேகம். தடையைச் சொல்லி முடித்த கையோடு சட்டம் இரண்டு விலக்குகளைத் தருகிறது. ஒன்று, குறிப்பிட்ட இடத்தில் இருந்தே ஆக வேண்டிய தேவை உள்ள தீயணைப்பு, காவல் நிலையங்கள். இரண்டு, பள்ளி மாவட்ட எல்லைக்குள் பள்ளி இருந்தாக வேண்டும், அதற்கு வேறு வழியே இல்லை என்கிற நிலையில் உள்ள அரசுப் பள்ளிகள். இவை போக, உள்ளே இருப்பவர்களின் பாதுகாப்பை முடிந்த அளவு உறுதி செய்திருக்கிறோம் என்று காட்டினால் புவியியல் துறையின் குழு தனி அனுமதியும் தரலாம்.

அதாவது "எங்க ஊருக்கு ஃபயர் ஸ்டேஷன் நடுவுலதான் வேணும்" என்ற வாதத்துக்கு 1995-லேயே கதவு திறந்துதான் இருந்தது. அந்த வாதத்தை முன்னால் நிறுத்தி 2019-ல் எடுத்த தடையோ, ஃபயர் ஸ்டேஷனுக்கு மட்டுமான தடை இல்லை. மருத்துவமனைக்கும் சிறைக்கும் புதுப் பள்ளிக்கும் இருந்த தடை மொத்தமும் போனது. யாரும் மறுக்க முடியாத ஓர் உதாரணத்தைக் காட்டி, அதன் பின்னால் மறுக்க வேண்டிய நாலைந்தைக் கடத்துவது சட்டமன்றங்களில் புதிதில்லை. நம்ம ஊரிலும் பார்த்ததுதான்.

விலக்கு காகிதத்தில் இருந்தால் போதுமா, நடைமுறையில் விண்ணப்பம், ஆய்வு, வக்கீல் செலவு எல்லாம் ஒரு சின்ன ஊரால் தாங்க முடியுமா என்று கேட்கலாம். கேட்க வேண்டும். அப்படியென்றால் அந்த விலக்கைச் சுலபமாக்கும் திருத்தம் கொண்டுவந்திருக்கலாமே. தலைவலிக்குத் தலையை எடுத்தது ஏன்?

இரு தரப்பும் சேர்ந்து செய்த தவறு என்று எனக்குப் படுவது இதுதான். "பொதுப் பாதுகாப்புக் கட்டடங்கள்" என்று ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசினார்கள். ஒரு பள்ளியையும் ஒரு ஃபயர் ஸ்டேஷனையும் அலையின் முன்னால் நிறுத்திப் பார்த்தால் இரண்டும் ஒரே ஜாதி இல்லை என்பது தெரியும். பள்ளியில் ஐந்து வயதுக் குழந்தைகள் முந்நூறு பேர் இருப்பார்கள், தங்கள் காலால் மலை ஏற வேண்டும், எங்கே உட்கார்வது என்று அவர்கள் முடிவு செய்யவில்லை. மருத்துவமனையில் காலால்கூட நடக்க முடியாதவர்கள். ஃபயர் ஸ்டேஷனில் பகலில் இரண்டு மூன்று பேர் இருந்தால் அதிகம், தன்னார்வ நிலையம் என்றால் பல நேரம் ஒருவரும் இருக்கமாட்டார். முக்கியமான சொத்துக்கு அங்கே சக்கரம் இருக்கிறது. பதினைந்து நிமிடத்தில் ஒரு ஃபயர் இன்ஜின் மலைக்குப் போய்விடும், அதை எடுக்க ஆள் இருந்தால், கதவு திறந்தால்.

கதவு திறந்தால் என்பது சும்மா சொன்னதில்லை. பழைய கான்கிரீட் பிளாக் கட்டடங்களில் வண்டி நிறுத்தும் கூடத்தின் முன்பக்கம் முழுக்கக் கதவுதான், சுவரே இருக்காது. அந்தப் பக்கம்தான் ஆட்டத்தில் முதலில் கோணும். சட்டம் கொஞ்சம் சாய்ந்தாலே மேலே ஏறுகிற ஷட்டர் சிக்கிக்கொள்ளும். ஆகவே ஒரு ஃபயர் ஸ்டேஷனைப் பொறுத்தவரை முதல் கேள்வி, கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்பதே இல்லை. ஆட்டம் நின்றதும் வண்டி வெளியே வருமா, வந்தால் பாலம் தாண்டாமல் உயரத்துக்கு வழி இருக்கிறதா என்பதுதான். 1995 சட்டம் புதுக் கட்டடத்தைத் தடுத்தது. பழைய கட்டடத்தைப் பற்றி அது வாயே திறக்கவில்லை. கோட்டுக்குள் ஏற்கெனவே இருந்த இடிந்து விழக் காத்திருக்கும் ஸ்டேஷன் அப்படியே இருக்கலாம், அதே மனையில் உறுதியான ஒன்றைக் கட்டத்தான் விலக்குக் கேட்டு அலைய வேண்டும். இதைவிட வினோதமான பாதுகாப்பு ஏற்பாடு இருக்க முடியாது.

"சரி, உறுதியாக, உயரமாகக் கட்டிவிட்டால் கோட்டுக்குள்ளேயே இருக்கலாமே" என்பது தடையை எதிர்த்தவர்கள் பலர் சொன்ன அடுத்த வாதம். இதற்கு உலகில் மிகக் கசப்பான சாட்சி ஜப்பானில் இருக்கிறது. மினாமிசன்ரிகு ஒரு மீன்பிடி ஊர். 1960-ல் சிலியிலிருந்து வந்த சுனாமியில் ஆட்களை இழந்த ஊர், அலட்சியமான ஊர் இல்லை. பேரிடர் மேலாண்மைக்கென்றே ஒரு மூன்று மாடி அலுவலகத்தை, இரும்புச் சட்டத்தில், 12 மீட்டர் உயரத்தில் கட்டினார்கள். கட்டிய வருடம், ஓரிகன் சட்டம் வந்த அதே 1995. கடலிலிருந்து சில நூறு மீட்டர்தான். 2011 மார்ச் 11 அன்று அந்த மாவட்டத்துக்கு முதலில் வந்த எச்சரிக்கை 6 மீட்டர் அலை. ஊழியர்கள் இரண்டாவது மாடியிலிருந்து ஒலிபெருக்கியில் ஊரை எச்சரித்துக்கொண்டே இருந்தார்கள். வந்தது 15 மீட்டருக்கு மேல். மொட்டை மாடியில் நின்றவர்களையும் சேர்த்து 43 பேர் போனார்கள். மேயர் உட்பட ஒரு சிலர்தான் ஆன்டெனாக் கம்பத்தையும் கைப்பிடிக் கம்பிகளையும் பிடித்துத் தப்பினார்கள். கட்டடம் விழவில்லை. சிவப்பு இரும்புச் சட்டம் இன்றும் நிற்கிறது. அதை இடிப்பதா வைப்பதா என்று ஊர் பல வருடம் இரண்டாகப் பிரிந்து கிடந்தது, கடைசியில் 2024-ல் வைப்பதென்று முடிவானது.

பொறியியல் கேட்ட கேள்விக்குச் சரியாகத்தான் பதில் சொன்னது. எத்தனை மீட்டர் என்ற எண்தான் தவறு. இதோடு இன்னொரு கணக்கையும் சேர்க்க வேண்டும். அந்தச் சுனாமியில் ஜப்பான் முழுக்க இறந்த, காணாமல் போன தன்னார்வத் தீயணைப்பு வீரர்கள் 254 பேர். மதகுக் கதவுகளை மூடப் போனவர்கள், முதியவர்களைக் கூட்டிவரப் போனவர்கள். பேஜர் அடித்ததும் கரையோர ஸ்டேஷனை நோக்கி ஓட வேண்டும் என்று பழக்கப்பட்ட ஓரிகன் தச்சருக்கு, தரை ஐந்து நிமிடம் ஆடிய பிறகு எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று யார் சொல்வது? ஸ்டேஷன் எங்கே இருக்கிறது என்பது அவர் எந்தத் திசையில் ஓடுவார் என்பதையும் தீர்மானிக்கிறது. சட்டத்தை எடுத்தவர்களும் இதைப் பேசவில்லை, எடுத்ததைத் திட்டியவர்களும் பெரிதாகப் பேசவில்லை.

கோட்டுக்குள் கட்டுவதே எப்போதும் முட்டாள்தனம் என்றும் சொல்லிவிட முடியாது. பக்கத்து வாஷிங்டன் மாநிலத்தில் வெஸ்ட்போர்ட் என்ற ஊர். கையெட்டும் தூரத்தில் குழந்தைகள் ஏறக்கூடிய மேடு இல்லை. 2013-ல் வாக்காளர்கள் கடன்பத்திரத்துக்குச் சம்மதித்து, 2016-ல் புதுத் தொடக்கப்பள்ளி வந்தது. அதன் ஜிம் கூரையே அலையிலிருந்து தப்பும் மேடை, ஆயிரம் பேர் வரை நிற்கலாம். வட அமெரிக்காவில் அந்த வகையில் அதுதான் முதல் கட்டடம். போக இடமே இல்லாத ஊருக்கு அது சரி. மேடு இருந்தும் போகாத ஊருக்கு அதே விடை சரியாகாது.

மேடு இருக்கும் ஊர் எது என்றால், ஸீஸைட். ஓரிகனின் வடகோடியில், ஆறுகள் ஊரை நீளவாக்கில் வெட்டும், பாலங்களை நம்பியிருக்கும் சுற்றுலா ஊர். அந்தப் பள்ளி மாவட்டத்தின் மூன்று பள்ளிகள் அலை எல்லைக்குள் இருந்தன. அவற்றை மலைக்கு மாற்ற 2013-ல் 12.88 கோடி டாலர் கடன்பத்திரம் கேட்டார்கள், மக்கள் நிராகரித்தார்கள். 2016-ல் 9.97 கோடிக்குத் திரும்பக் கேட்டார்கள், நிறைவேறியது. நடுவில் என்ன மாறியது? வெயர்ஹவுஸர் என்ற மரக் கம்பெனி மலையில் 80 ஏக்கர் நிலத்தை நன்கொடையாகக் கொடுத்தது. ஷுல்ஸின் 2015 கட்டுரையும் வந்திருந்தது. ஸீஸைட் பள்ளிகளின் நிலைமை அதில் இடம்பெற்றிருந்தது. அந்தக் கட்டுரைக்கு இதில் பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கவனியுங்கள், 1995 சட்டம் அந்தப் பள்ளிகளை ஒரு அங்குலம் நகர்த்தவில்லை. நிலமும் பணமும் வாக்கும்தான் நகர்த்தின.

அதே பள்ளி மாவட்டத்துக்குள், ஸீஸைடுக்கு வடக்கே ஒட்டினாற்போல இருக்கிறது கியர்ஹார்ட். 2020 கணக்கெடுப்பில் மக்கள் தொகை 1,800-ஐக்கூடத் தொடவில்லை. மணல்மேடுகள் மேல் உட்கார்ந்திருக்கும் ஊர், கணிசமான வீடுகள் வெளியூர்க்காரர்களின் விடுமுறை வீடுகள். அங்கே தன்னார்வத் தீயணைப்பு நிலையம் ஒரு பழைய பிளாக் கட்டடத்தில் இருக்கிறது, அதை மாற்ற வேண்டும் என்று வருடக்கணக்கில் பேச்சு. எங்கே மாற்றுவது என்பதில்தான் சிக்கல். மாநிலப் புவியியல் துறை 2013 வாக்கில் புதிய சுனாமி வரைபடங்களை முடித்தது. அலையின் அளவுகளுக்கு டி-ஷர்ட் சைஸில் பெயர் வைத்தார்கள்: ஸ்மால், மீடியம், லார்ஜ், எக்ஸ்எல், எக்ஸ்எக்ஸ்எல். கேலிக்கில்லை, அதிகாரபூர்வமாகவே அப்படித்தான். எக்ஸ்எக்ஸ்எல் அலையை எடுத்துக்கொண்டால் கியர்ஹார்ட்டில் ஸ்டேஷன் கட்ட இடம் தேடுவதே வீண், ஊரின் பெரும்பகுதி அதற்குள் போய்விடும். சின்ன சைஸை எடுத்துக்கொண்டால் மணல்மேட்டின் முதுகு தப்பும். ஆக, "பாதுகாப்பான இடம்" என்று ஒன்று அங்கே நிலத்தில் இல்லை. எந்தச் சட்டை போட்டுக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்து அது இடம் மாறும். ஒரு சட்டப் பிரிவால் இதைத் தீர்க்க முடியாது, இதைத் தீர்க்கிறேன் என்று 1995-ல் போட்ட ஒற்றைக் கோடும் தீர்க்கவில்லை.

2022 மே மாதம் புது ஸ்டேஷனுக்கான கடன்பத்திரம் வாக்குக்கு வந்தது. மூன்று வருடத்துக்கு முன்பே தடை போய்விட்டது, தலைநகரில் யாரும் குறுக்கே நிற்கவில்லை. செலவு அதிகம், இடம் சரியில்லை என்ற பேச்சுதான் ஜெயித்தது. வாக்காளர்கள் வேண்டாம் என்றார்கள். சட்டம்தான் எங்களைக் கட்ட விடவில்லை என்று 2019-ல் கடற்கரை சொன்னதை இந்த முடிவின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சட்டம் இருந்தால் ஊர் காப்பாற்றப்பட்டிருக்கும் என்று வெளியூர் சொன்னதையும் அதே பக்கத்தில் வையுங்கள். தேர்தல் முடிந்த பிறகும் கியர்ஹார்ட்டின் தீயணைப்பு வண்டிகள் அந்தப் பழைய பிளாக் கட்டடத்துக்கே திரும்பிப் போய் நின்றன.